சைக்கிள் வந்தாயிற்று, சாலை எங்கே?

சகோதரிகளே, இந்த வாரம் உங்களுக்கு இரண்டு சைக்கிள்களின் கதையைச் சொல்லப் போகிறேன்.

ஒரு சைக்கிள் ஹாலந்து தேசத்தில் தினமும் ஓடிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவே உள்ள ஒரு கிராமத்தில், என் தம்பி வீட்டுத் திண்ணையில், உரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சும்மா நின்றது. இரண்டுக்கும் சொந்தக்காரிகள் எங்கள் குடும்பத்துப் பெண்கள்தாம். முதல் சைக்கிள் என் அக்காளின் பேத்தியுடையது. அவளுக்குப் பன்னிரண்டு வயது. இரண்டாவது என் தம்பி மகளுடையது. அவள் அப்போதுதான் பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தாள்.

ஹாலந்துக் கதையை முதலில் கேளுங்கள். அக்காள் மாப்பிள்ளைக்கு ஐந்தோவன் என்ற ஊரில் உத்தியோகம். அங்கே இப்போது தமிழ்க் குடும்பங்களுக்குக் குறைவில்லை. அக்காள் மகள் எனக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். கடிதம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள்? கைப்பேசியில் பேசிப் பதிவு செய்து அனுப்பியிருந்தாள். அடுப்பில் தாளிக்கிற சத்தம்கூட அதில் கேட்டது.

"சித்தி, உங்க பேத்தி இப்போ தனியா சைக்கிள்லே ஸ்கூலுக்குப் போறா. போக ஆறு கிலோமீட்டர், வர ஆறு கிலோமீட்டர். மழை பெய்தாலும் மழைக்கோட்டை மாட்டிக்கிட்டுப் போயிடறா. முதல் வாரம் அவளுக்குத் தெரியாம நான் பின்னாலேயே போனேன். எனக்குத்தான் மூச்சு வாங்கிச்சு!"

அதற்கு முன்னாலேயே பள்ளிக்கூடத்தில் போக்குவரத்துப் பரீட்சை உண்டாம். காகிதத்தில் எழுதுவது ஒன்று, சைக்கிளில் ஊரைச் சுற்றிக் காட்டுவது மற்றொன்று. பத்து, பதினோரு வயதுப் பிள்ளைகள் முதுகில் எண் ஒட்டிய சட்டையைப் போட்டுக்கொண்டு புறப்பட வேண்டும். தெரு முனைகளில் பெற்றோர்கள் கையில் தாளோடு நின்று, கை காட்டித் திரும்பினாளா, பின்னால் பார்த்தாளா என்று குறித்துக்கொள்வார்களாம். ராத்திரியில் சைக்கிளில் விளக்கு இல்லாவிட்டால் போலீஸ்காரர் அபராதம் போடுவாராம்.

எனக்குப் பெருமை தாங்கவில்லை. நான் அந்த வயதில் வாடகைக் கடையில் மணிக்கணக்கில் சைக்கிள் எடுத்து, கால் எட்டாமல் குரங்குப் பெடல் போட்டு, வேலியில் போய் விழுந்து, பாவாடையைச் செயினில் கொடுத்து, அம்மாவிடம் முதுகிலும் வாங்கிக் கட்டிக்கொண்டவள். பேத்தி பரீட்சை எழுதிச் சைக்கிள் ஓட்டுகிறாள் என்றால் சும்மாவா?

அந்தப் பெருமையோடுதான் ஊருக்குப் போனேன். தம்பி வீட்டுத் திண்ணையில் சாக்கு மூடிய சைக்கிளைப் பார்த்தேன்.

"இது என்னடி, கல்யாணத்துக்கு வாங்கி வச்ச பீரோ மாதிரி மூடி வச்சிருக்கீங்க?" என்றேன்.

தம்பி மகள் பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். அவள் அம்மாதான் சொன்னாள்: "கவர்ன்மெண்டுலே கொடுத்த சைக்கிளுங்க அண்ணி. உங்க தம்பி ஓட்டக்கூடாதுன்னுட்டார்."

என் தம்பி துபாயில் இருக்கிறான். பெரம்பலூர் பக்கத்தில் இது அதிசயமில்லை. லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் வெளிநாட்டுச் சம்பாத்தியம் இரண்டு மூன்று தலைமுறையாக நடக்கிறது. அங்கேயெல்லாம் குடும்பத் தலைவர் வீட்டில் இருப்பது கைப்பேசிக்குள்தான். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு அதற்குள்ளிருந்தே சாப்பிட்டீங்களா என்று கேட்பார். படித்தாயா என்று அதட்டுவார். ரோட்டிலே ஜாக்கிரதை என்று கும்பிடுவார்.

தம்பியைக் குறை சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த ரோட்டை நானே பார்த்தேன். அரியலூர் மண்ணில் ஒரு காலத்தில் கடல் இருந்ததாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்லை வெட்டித்தான் அங்கே சிமெண்டு செய்கிறார்கள். நாம் சென்னையிலும் திருச்சியிலும் மாடி மேல் மாடி கட்டுகிறோமே, அதற்கான கல் லாரி லாரியாக அந்தச் சாலைகளில் போகிறது. பெரம்பலூர்ப் பக்கமோ திருச்சி - சென்னை நாற்கரச் சாலை. அதில் கார்கள் போவதை 'ஓடுகின்றன' என்று சொல்ல முடியாது, பறக்கின்றன. இரண்டுக்கும் நடுவிலே மக்காச்சோளக் காட்டையும் பருத்திக் காட்டையும் தாண்டி, இரட்டைப் பின்னல் போட்ட ஒரு பெண் ஐந்து கிலோமீட்டர் சைக்கிளில் போக வேண்டும். லாரி கிளப்பும் காற்றிலேயே சைக்கிள் ஒரு முழம் தள்ளாடும்.

"பஸ்ஸிலே போகலாமே? பஸ் பாஸ்தான் கொடுக்கிறார்களே!" என்பீர்கள். நானும் அதையேதான் கேட்டேன். காலை பஸ் ஏழு மணிக்கு ஒன்று. அதை விட்டால் முதல் மணி அடித்த பிறகு ஒன்று. சாயங்காலம் சிறப்பு வகுப்பு முடிந்து வந்தால் அடுத்த பஸ்ஸுக்கு இருட்டில் நிற்க வேண்டும். அந்தப் பெண் இரண்டு மாதம் அப்படித்தான் நின்றிருக்கிறாள். கடைசியில் தம்பி, "இந்த அவஸ்தையோடு பன்னிரண்டாவது என்ன கிழிக்கப் போகுது? வீட்டிலேயே இருக்கட்டும். நான் வந்து பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டான். 'வந்து பார்த்துக்கிறேன்' என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? மாப்பிள்ளை பார்ப்பான்!

ஆக, சகோதரிகளே, அந்தச் சாக்குக்குள்ளே இருந்தது வெறும் சைக்கிள் அல்ல. ஒரு பெண்ணின் படிப்பு.

நம் ராஜ்யத்தில் இந்த இலவச சைக்கிள் திட்டம் 2001-ஆம் ஆண்டில் தொடங்கியது. முதலில் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று ஆரம்பித்து, சில ஆண்டுகளுக்குள் அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படிக்கும் மற்றப் பெண்களுக்கும் பையன்களுக்கும் வந்தது. கொடுப்பது பதினோராம் வகுப்பில். 2006-ல் பீகாரில் இதே யோசனையை எடுத்துக்கொண்டு, ஒன்பதாம் வகுப்புப் பெண்களுக்குச் சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளீதரன், நிஷித் பிரகாஷ் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் அதன் பலனை ஆராய்ந்து 2017-ல் வெளியிட்டார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த பெண்களின் தொகை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பள்ளிக்கூடம் மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. கிராமத்துப் பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் தூரமாவது எட்டாம் வகுப்பு முடிந்தவுடனேதான். பீகாரில் அந்த வாசற்படியிலேயே சைக்கிள் வந்து நின்றது. நம்முடைய சைக்கிள் இரண்டு வருஷம் கழித்து வருகிறது. அந்த இரண்டு வருஷத்தைத் தாண்டி வந்தவளுக்குத்தான் பரிசு! அப்படித் தாண்டி வந்த பெண்ணின் சைக்கிளைத்தான் என் தம்பி சாக்குப் போட்டு மூடச் சொல்லியிருந்தான்.

அன்று ராத்திரி நான் ஹாலந்துப் பதிவை எல்லோரும் கேட்கும்படி போட்டேன். எதற்குப் போட்டேனோ, வம்பாகிவிட்டது.

"அது வெள்ளைக்கார ஊரு அண்ணி. அங்கே சைக்கிளுக்குன்னே தனி ரோடு இருக்கும். நம்ம ஊரும் அதுவும் ஒண்ணா?" என்றாள் தம்பி மனைவி.

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. மறுநாள் அக்காள் மகளைக் கூப்பிட்டு, "ஏன்டி, அந்த ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே சைக்கிளோடு பிறந்தார்களா?" என்று கேட்டேன். அவள் சொன்ன பதிலைக் கேட்டு அயர்ந்து போனேன். பிறகு நானும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

1950-லிருந்து 1970 வரை ஹாலந்தும் மற்ற நாடுகளைப் போலவே காருக்குப் பின்னால் ஓடிய தேசம்தானாம். சாலையை அகலமாக்கினார்கள், சைக்கிளை ஓரத்துக்குத் தள்ளினார்கள். 1971-ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் மாண்டார்கள். அவர்களில் நானூறுக்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். விக் லாங்கன்ஹாஃப் என்று ஒரு பத்திரிகைக்காரர். அவருடைய ஆறு வயதுப் பெண்ணும் அந்த வருஷம்தான் சைக்கிளில் போகும்போது மோட்டார் மோதி இறந்தாள். மனிதர் அழுதுகொண்டு மூலையில் உட்காரவில்லை. 1972-ல் தம் பத்திரிகையில் ஒரு கட்டுரை எழுதினார். 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்பது அதன் தலைப்பு. விபத்து என்று அவர் சொல்லவில்லை. கொலை என்றே சொன்னார்.

அந்தத் தலைப்பே ஒரு இயக்கத்தின் பெயராயிற்று. அதற்கு முதல் தலைவியாக வந்தவர் மார்ட்யே வான் புட்டன் என்ற இளம் தாய். பிற்காலத்தில் ஐரோப்பியப் பாராளுமன்றத்தில் அங்கத்தினராக இருந்தவர். இவரும் மற்றத் தாய்மார்களும் என்ன செய்தார்கள் தெரியுமா? தெருவை மறித்தார்கள், நடுத்தெருவில் மேஜை நாற்காலி போட்டு ஊரோடு சாப்பிட்டார்கள், குழந்தைகளை அங்கேயே விளையாட விட்டார்கள். போலீஸ்காரர்களும் அவர்களுக்கு ஒத்தாசையாகவே இருந்தார்களாம்! அந்தச் சமயம் பார்த்து 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. நவம்பர் 4-ஆம் தேதி முதல் சில ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே கார் ஓட்டவே தடை. வெறிச்சோடிய பெரும் சாலைகளில் குடும்பம் குடும்பமாகச் சைக்கிள் விட்டார்கள். அதற்குப் பிறகுதான் சைக்கிள் பாதைகளும், கார் ஊர்ந்து போக வேண்டிய குடியிருப்புத் தெருக்களும் நாடு முழுவதும் பெருகின. பதினாலு வயதுக்குட்பட்ட பிள்ளை மீது மோட்டார் மோதினால், பிள்ளையிடமே பிசகு இருந்தாலும் பெரும்பாலும் நஷ்ட ஈடு வண்டிக்காரர் தலையில்தான் விழும் என்று சட்டமும் அங்கே இருக்கிறது. 1971-ல் நானூறைத் தாண்டிய குழந்தைச் சாவு, 2010-ல் 14 ஆகக் குறைந்தது.

ஆக, அந்தச் சாலை வெள்ளைக்காரர்களுக்கு வானத்திலிருந்து விழுந்ததல்ல. பிள்ளையைப் பறிகொடுத்தவர்களும் பறிகொடுக்கப் பயந்தவர்களும் கேட்டு வாங்கியது.

இதை நான் தம்பி வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தபோது, மூலையில் முறத்தில் சின்ன வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்த சம்பந்தி அம்மாள், அதாவது தம்பி மனைவியின் தாயார், தலையைத் தூக்கினார். அவர் புதுக்கோட்டைக்காரர்.

"எதுக்கு ஹாலந்து வரைக்கும் போறீங்க? எங்க ஊருக்கு வந்து கேளுங்க!" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பளிச்சென்று ஞாபகம் வந்தது. 1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் எழுத்துப் படிப்போடு சைக்கிளையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் என்ற அம்மையார் அப்போது கலெக்டர். கல்லுடைக்கிற பெண்கள், வயலில் வேலை செய்கிற பெண்கள், ஆசிரியைகள், ஆயாக்கள் எல்லாரும் கற்றுக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்துக்குப் பிறகு ஆயிரத்து ஐந்நூறு பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் புதுக்கோட்டை நகரத்தில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் சாய்நாத் இதை உலகம் அறிய எழுதியிருக்கிறார். கடைகளில் லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடாகி, பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்களாம். முன்னால் ஒரு பார் இருக்கிறதல்லவா? அதில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ள வசதி என்று சிலர் அதையே விரும்பினார்களாம்!

"அந்த பார்லே உட்கார்ந்தது யார் தெரியுங்களா?" என்று சம்பந்தி அம்மாள் முறத்தைக் கீழே வைத்தார். "இதோ இருக்காளே, இவதான்! எட்டு வயசு. அப்போ என்னைத் திட்டாத வாய் இல்லை. பொம்பளைக்கு இது அடுக்குமான்னாங்க. காதிலே போட்டுக்கிட்டேனா? தண்ணிக் குடத்தைப் பின்னாலே கட்டி, இவளை முன்னாலே வச்சு ஓட்டினேன். இன்னிக்கு இவ மகளுக்கு ரோடு ஆகலையாம்!"

தம்பி மனைவி குனிந்த தலை நிமிரவில்லை. சிறிது நேரம் கழித்து, "அப்போ இவ்வளவு லாரி இல்லேம்மா" என்று மெதுவாகச் சொன்னாள்.

அவள் சொன்னது நியாயம். கிழவியின் தைரியமும் நியாயம். அன்று தடுத்தது ஊர்வாய். அதற்குத் தைரியம் போதும். இன்று தடுப்பது பதினாறு டன் லாரி. அதன் முன்னால் தைரியத்தை மட்டும் வைத்துக்கொண்டு பெண்ணை அனுப்ப முடியுமா? பெண்ணுக்குத் தைரியமும் வேண்டும். ரோட்டுக்கு ஒழுங்கும் வேண்டும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அந்த ஊரிலிருந்து அதே பள்ளிக்கூடத்துக்குப் போகிற பெண்கள் மொத்தம் ஐந்து பேர் என்று தெரிந்தது. ஐந்து வீட்டிலும் சாக்கு மூடிய சைக்கிள். ஒரு வீட்டில் அப்பா அதில் பால்கேன் கட்டிக்கொண்டிருந்தார்! சம்பந்தி அம்மாள் ஐந்து தாய்மாரையும் கூப்பிட்டுப் பேசினார். ஐந்து பேரும் சேர்ந்தே போவது, சேர்ந்தே வருவது என்று ஏற்பாடு. பெரிய ரோட்டைக் கடக்கிற முக்கில் காலை எட்டரைக்கும் சாயங்காலமும் தாய்மாரில் ஒருத்தி முறை வைத்து நிற்பது. ஒவ்வொரு சைக்கிளுக்கும் பின்னால் சிவப்பு மின்னும் பட்டை, முன்னால் விளக்கு. கடைக்காரர் ஐந்துக்கும் சேர்த்து விலை குறைத்தே கொடுத்தார்.

தம்பியிடம் யார் சொல்வது? அவன் மனைவியே சொன்னாள். ராத்திரி ஒன்பது மணிக்குக் கைப்பேசியைச் சுவரில் சாய்த்து வைத்து, "உங்க பொண்ணு நாளையிலேருந்து சைக்கிள்லே போறா. முக்கிலே நான் நிக்கறேன்" என்றாள். அந்தப் பக்கம் வெகு நேரம் சத்தமே இல்லை. பிறகு, "போய்ச் சேர்ந்ததும் எனக்கு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு" என்றான் தம்பி.

அக்டோபர் 2-ஆம் தேதி கிராம சபையில் ஐந்து தாய்மாரும் எழுந்து நின்று மனுக் கொடுத்தார்கள். முக்கில் வேகத்தடை வேண்டும். பள்ளிக்கூடம் தொடங்குகிற வேளையிலும் விடுகிற வேளையிலும் லாரி மெதுவாகப் போகப் பலகை வேண்டும் என்று கேட்டார்கள். தீர்மானம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். வேகத்தடை இன்னும் வரவில்லை. தாய்மார்கள் இன்னும் நிற்கிறார்கள். முக்கில் புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையை நீட்டி ஒரு அம்மாள் நின்றால் லாரிக்காரரும் பிரேக் போடத்தான் செய்கிறார். அவருக்கும் வீட்டில் பெண் இருக்குமல்லவா?

பட்டணத்துச் சகோதரிகளே, இதெல்லாம் கிராமத்துக் கதை, நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். காலை எட்டு மணிக்கு உங்கள் குழந்தையின் பள்ளிக்கூட வாசலில் போய்ச் சற்று நின்று பாருங்கள். கார் மேல் கார், ஸ்கூட்டர் மேல் ஸ்கூட்டர். சைக்கிளில் வருகிற ஒரு பிள்ளை அதில் நுழையவே முடியாது. "ரோடு சரியில்லை, அதனால் காரில் கொண்டுவிடுகிறேன்" என்று நாம் ஒவ்வொருவரும் சொல்கிறோம். அடுத்த வீட்டுக் குழந்தைக்கு ரோடு சரியில்லாமல் போவது நம் காராலேயே என்பதை மறந்துவிடுகிறோம். நானும் என் பெண்ணை அப்படித்தான் வளர்த்தேன். அவளுக்கு இன்றுவரை சைக்கிள் விடத் தெரியாது. வேலியில் விழுந்து கற்றுக்கொண்ட தாய்க்கு இது வெட்கம்தான்.

உங்களை நடுத்தெருவில் மேஜை போட்டுச் சாப்பிடச் சொல்லவில்லை. வாரத்தில் ஒரு நாள், நாலு வீட்டுத் தாய்மார்கள் பேசி வைத்துக்கொண்டு, நாலு குழந்தைகளைச் சேர்த்துச் சைக்கிளில் அனுப்பிப் பாருங்கள். ஒரு முக்கில் நீங்கள் நில்லுங்கள். அடுத்த முக்கில் அடுத்த வீட்டுக்காரி நிற்கட்டும். எந்த இடத்தில் குழந்தை பயப்படுகிறது என்று குறித்துக்கொண்டு, நாலு பேரும் கையெழுத்திட்டு வார்டு கவுன்சிலரிடம் கொடுங்கள்.

போன வாரம் தம்பி மகளிடமிருந்து எனக்கு ஒரு பதிவு வந்தது. "அத்தை, இன்னிக்கு எதிர்க்காத்து. இருந்தாலும் முதல் மணி அடிக்கிறதுக்குள்ளே போயிட்டோம். முக்கிலே இன்னிக்குப் பாட்டி முறை. லாரியை நிறுத்தி வச்சுக்கிட்டு டிரைவரை, 'சாப்பிட்டியாப்பா?'ன்னு கேட்கிறாங்க!"

அந்தப் பதிவை அப்படியே ஐந்தோவனுக்கு அனுப்பி வைத்தேன். ஒருத்திக்கு ஆறு கிலோமீட்டர், மற்றவளுக்கு ஐந்து. இரண்டு பெண்களும் பத்திரமாகப் போய் வரட்டும்.